வயலின் சிற்பி ஸ்டிராடிவாரி

மேனாட்டில் தோன்றி நம் கருநாடக இசையோடு ஒன்றிவிட்ட கருவி வயலின். அதனைச் செய்தோருள் தலைசிறந்தவரெனப் போற்றப்படுபவர் அந்தோனியோ ஸ்டிராடிவாரி. அன்னாரின் வாழ்க்கை நாம் அறிந்து பயன்பெறத்தக்கது.

இவர் 1644-ஆம் ஆண்டளவில் பிறந்து, வட இத்தாலியிலுள்ள கிரெமோனா நகரில் தொழில் புரிந்தவர். இவர் பெயர் தாங்கிய வயலின்களுள் மிகப் பழையது 1666-ஆம் ஆண்டினது. அந்நகரில் அமாட்டி குடும்பத்தார் வழிவழியாக வயலின் செய்துவந்தனர். இளமையில் அவர்கள் முறையைப் பின்பற்றிய ஸ்டிராடிவாரி, அதனோடு அமைந்துவிடவில்லை. 1690-க்குப்பின் சில ஆண்டுகள் கருவியின் உடலை நீட்டிச் செய்து பார்த்தார். பின்னர் அதனையும் கைவிட்டு வேறோர் அளவினை மேற்கொண்டார். 1700 முதல் 1720 வரை செய்தவையே அவருடைய கருவிகளுள் மிகச் சிறந்தவை என்பர். மேற்பலகைக்கு ஸ்ப்ரூஸ் மரத்தையும் அடிப்பலகைக்கு மேப்பிள் மரத்தையும் தேர்ந்து, பலகையின் கனத்தையும் வளைவையும் நுட்பமாகச் செதுக்கினார். பிரான்செஸ்கோ, ஓமோபோனோ என்னும் மைந்தர் இருவரும் உடனிருந்து உதவினர். தொண்ணூறு வயதைக் கடந்தும் உளியைக் கீழே வையாத அப்பெரியார், 1737 டிசம்பர் 18-ஆம் நாள் மறைந்தார்.

அவர் வயலின்களின் இனிமைக்கு மரத்தின் முதுமையே காரணம் என்பாரும், வார்னிஷின் இரகசியமே காரணம் என்பாரும் உளர். ஆயின் 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு சோதனை நடந்தது. தேர்ந்த கலைஞர் 21 பேர், கருவி இன்னதென்று தெரியாதவாறு கருங்கண்ணாடி அணிந்து, பழைய வயலின் மூன்றையும் புதியன மூன்றையும் வாசித்தனர். பெரும்பாலோரால் பழையது எது, புதியது எது எனப் பிரித்தறிய இயலவில்லை. மிகுதியாக விரும்பப்பட்டது ஒரு புதிய வயலினே. மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்டிராடிவாரி! மேலும், அவர் செய்த வயலின்களுள் பெரும்பாலானவற்றின் கழுத்தும், உள்ளே ஒட்டிய கட்டையும், தந்திகளும் பிற்காலத்தில் மாற்றப்பட்டவை. இன்று நாம் கேட்கும் ஒலி முழுதும் அவர் கேட்ட ஒலியன்று.

இதனால் அவர் பெருமை குன்றாது. மரத்தின் தேர்வு, பலகையின் கனம், குதிரையும் உட்குச்சியும் நிற்கும் இடம், வாசிப்போரின் பயிற்சி ஆகிய யாவும் கூடியே நாதம் பிறக்கிறது. மாதச் சம்பளத்தில் வாழும் நாம், நம் மக்களுக்குப் பழைய வயலின் வாங்கித்தர இயலவில்லையே என வருந்த வேண்டுவதில்லை. நன்கு செய்த புதிய கருவியும், நாள் தவறாத சாதகமும் போதும். ஸ்டிராடிவாரியின் கையிலிருந்து சென்றபோது அவர் வயலின்கள் யாவும் புதியனவே அல்லவா?