மலைமேல் நின்று நகரை வரைந்தவர்: மேரியன் மஹோனி கிரிஃபின்

அண்ணாமலையில் கந்தாசிரமத்துப் பாதையில் நின்று கீழே நோக்குவார்க்கு, அருணாசலேசுவரர் திருக்கோயில் தாளில் இட்ட வரைபடம் போலவே தோன்றும். கோபுரங்கள் ஒன்பதும் சுற்று மதில்களும் திருக்குளங்களும் ஒரே ஒழுங்கில் அமைந்திருப்பதைத் தெருவில் நடப்பவர் அறியார்; மலைமேல் நிற்பவரே அறிவர். 217 அடி உயர்ந்து நிற்கும் இராசகோபுரத்தின் திருப்பணியைக் கிருஷ்ணதேவராயர் தொடங்கினார் என்றும், தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் நிறைவித்தார் என்றும் வரலாறு கூறும். அக்கோபுரத்தை முதன்முதலில் கோடுகளாக வரைந்து காட்டிய கை எவருடையது என்பதைக் கூறாது.

கட்டியவர் பெயர் நிலைக்க, வரைந்தவர் பெயர் மறைவது இக்காலக் கட்டடக்கலையிலும் நிகழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகைக் கவர்ந்த புதுமைக் கட்டடங்களின் எழில்மிகு ஓவியங்கள் பலவற்றைத் தீட்டியவர் மேரியன் மஹோனி கிரிஃபின் அம்மையார். நம் நாட்டு மண்ணிலும் வாழ்ந்து பணியாற்றிய அவர், தம் கணவரை இம்மண்ணிலேயே அடக்கம் செய்தவர்.

அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் 1871ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் மேரியன் பிறந்தார். அவ்வாண்டு அக்டோபரில் அந்நகரைப் பெருந்தீ அழித்தது. எரிந்த நகரம் புதிதாய் எழுந்த காலத்தில் வளர்ந்த அவர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக்கலை பயின்று 1894இல் பட்டம் பெற்றார். அக்கழகத்தில் அத்துறையில் பட்டம் பெற்ற பெண்டிருள் அவர் இரண்டாமவர். இல்லினாய் மாநிலத்தில் கட்டடக்கலைஞராக உரிமம் பெற்ற முதல் பெண்ணும் அவரே.

1895இல் ஃபிராங்க் லாயிட் ரைட் என்னும் கலைஞரின் பணிமனையில் சேர்ந்தார். சமவெளியின் கிடைக்கோட்டைத் தழுவித் தாழ்ந்து படரும் வீடுகளை வடித்துப் பின்னாளில் உலகப்புகழ் எய்தியவர் ரைட். அவ்வீடுகள் எழுமுன் அவற்றை உரிமையாளர் கண்முன் நிறுத்த வேண்டியிருந்தது. இல்லாத வீட்டை ஒளிப்படக் கருவி படம் பிடிக்காது. ஓவியமே அதனைக் காட்ட இயலும். அப்பணியை மேரியன் மேற்கொண்டார்.

அவர் ஓவியங்களின் இயல்பு தனித்தன்மையது. ஒளியும் நிழலும் குழைத்து மெய்ம்மை போல் மயக்கும் முறையை அவர் விலக்கினார். மெல்லிய மைக்கோட்டையே நம்பினார். ஜப்பானிய மரச்செதுக்கு அச்சு ஓவியங்களில் தோய்ந்த அவர், தாளின் பெரும்பகுதியை வெறுமையாகவே விட்டார். முன்புறத்தில் ஒரு மரக்கிளை தாழ்ந்து வரும். கொடிகள் விளிம்பைச் சுற்றிப் படரும். அவற்றினூடே வீட்டின் நீண்ட கூரை அமைதியாய்த் தெரியும். ஒரே நெடுந்தாளில் தரைப்படமும் வெட்டுமுகமும் முழுத்தோற்றமும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டிருக்கும். நம் அகப்பாடல்களில் மரமும் புள்ளும் பாட்டின் உணர்வைத் தாங்கும் கருப்பொருளாவது போல, அவர் படங்களில் இலையும் கிளையும் கட்டடத்தின் கருத்தைத் தாங்கின. அவ்வீடு அந்நிலத்திற்கே உரியது என்பதைச் சொல்லாமற் சொல்லின.

1910இல் பெர்லின் நகரில் வாஸ்முத் பதிப்பகம் ரைட்டின் படைப்புகளை நூறு கல்லச்சுத் தாள்களாக வெளியிடத் தொடங்கியது. ஐரோப்பிய இளங்கலைஞர் பலர் அத்தொகுதியைக் கண்டு வியந்தனர். அதிலுள்ள படங்களில் ஏறத்தாழப் பாதி மேரியனின் வரைவைத் தழுவியவை என்பது ஆய்வாளர் கணிப்பு. தொகுதியின் முகப்பில் நின்றதோ ரைட்டின் பெயரே. ஒரு படத்தின் ஓரத்தில் மட்டும், அது தம்மையும் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயையும் பின்பற்றி மஹோனி வரைந்தது என ரைட் தம் கையால் குறித்து வைத்தார். மேரியனோ தம் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னிச் சில படங்களின் இலைச்செறிவினுள் ஒளித்து வைத்தார். தேடுவார்க்கு மட்டும் அவை புலப்படும்.

1911இல் தம்முடன் பணியாற்றிய வால்டர் பர்லி கிரிஃபினை மணந்தார். அவ்வாண்டிலேயே ஆஸ்திரேலியா தன் புதிய தலைநகருக்கான வடிவமைப்புப் போட்டியை உலகிற்கு அறிவித்தது. கான்பெரா அமையவிருந்த நிலத்தை இருவரும் கண்டதில்லை. சம உயரக் கோடுகள் வரைந்த நிலப்படங்களே அவர்க்குத் துணை. திட்டத்தின் ஆக்கம் வால்டருடையது. அதற்கு உருத்தந்த பெரும்படங்கள் மேரியனுடையவை. அவற்றுள் தலையாயது, தாம் ஏறியறியாத எய்ன்ஸ்லி மலையின் உச்சியிலிருந்து நகர் முழுதையும் காட்டும் அகன்ற காட்சி. மலையடியில் தொடங்கும் நேர்வழி, நீர்ப்பரப்பைக் கடந்து, தொலைவிலுள்ள நீலமலைகளை நோக்கி நீள்கிறது. பழுப்பும் பொன்னும் கலந்த மென்னிறத்தில் நகரம் நிலத்தினின்று முளைத்தது போல் விளங்குகிறது. வந்த திட்டங்கள் 137. 1912 மே மாதம் முதற்பரிசு கிரிஃபினுக்கு என அறிவிக்கப்பட்டது. பரிசுக்குரியவராக உலகம் அறிந்தது வால்டர் ஒருவரையே.

1914இல் ஆஸ்திரேலியாவில் குடியேறினர். அலுவலரோடு நேர்ந்த பிணக்குகளால் 1920இன் இறுதியில் வால்டர் தலைநகர்ப் பணியைத் துறந்தார். அத்துன்ப ஆண்டுகளில் மேரியன் காடுகளை நாடினார். டாஸ்மேனியா முதலிய இடங்களின் யூகலிப்டஸ் மரங்களை, மாந்தரைத் தீட்டுவது போல ஒவ்வொன்றாய்த் தீட்டினார். பின்னர்ச் சிட்னியின் கடற்பாறைகளிடையே காசில்கிராக் என்னும் குடியிருப்பை இருவரும் உருவாக்கினர்.

1935இல் இலக்னோப் பல்கலைக்கழக நூலகத்தை வடிவமைக்க வால்டர் இந்தியா வந்தார். அடுத்த ஆண்டு மேரியனும் வந்து சேர்ந்தார். பயனியர் செய்தித்தாளுக்கான கட்டடம், 1936ஆம் ஆண்டுத் தொழில் வேளாண் கண்காட்சியின் அரங்குகள் எனப் பணிகள் பெருகின. மேரியனின் கைக்கு ஓய்வில்லை. அந்த வேகத்தின் நடுவே, பித்தப்பை அறுவையைத் தொடர்ந்து 1937 பிப்ரவரி 11ஆம் நாள் வால்டர் மறைந்தார். இலக்னோக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கமாயிற்று. நூலகம் உள்ளிட்ட திட்டங்கள் பல தாளளவிலேயே நின்றுவிட்டன.

சிகாகோ திரும்பிய அம்மையார் அதன்பின் கட்டடம் எதையும் பெரிதாக எழுப்பவில்லை. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட, படங்கள் நிறைந்த தம் நினைவுநூலைப் பல்லாண்டுகள் எழுதினார். நான்கு பகுதிகளைக் கொண்ட அந்நூலின் முதற்பகுதியை இந்திய வாழ்வுக்கே உரியதாக்கினார். கணவரின் புகழைக் காக்கப் பெரிதும் முனைந்த அவர் வாழ்நாளில் அது அச்சேறவில்லை. 1961 ஆகஸ்டு 10ஆம் நாள், தம் தொண்ணூறாம் அகவையில், வறுமையிடையே காலமானார். அவர் சாம்பல் பெயர் பொறிக்காத இடத்தில் வைக்கப்பட்டது. 1997இல்தான் பெயர்ப்பலகையோடு வேறிடத்திற்கு மாற்றப்பட்டது.

அவர் மைக்கோட்டில் கண்ட கான்பெராவின் நீர்ப்பரப்பு அவர் மறைந்து மூன்றாண்டுகட்குப் பின், 1964இல்தான் நிரம்பியது. அவ்வேரி கணவரின் பெயரைத் தாங்கியது. எய்ன்ஸ்லி மலையுச்சியின் காட்சிமேடைக்கு 2013இல் மேரியனின் பெயர் சூட்டப்பெற்றது. நிலப்படத்தை மட்டும் கண்டு அவர் மனத்தால் ஏறி நின்ற அதே உச்சியில் இன்று மக்கள் நின்று நகரைக் காண்கின்றனர். அவர் வரைந்த நேர்வழியும் நீரும் நீலமலைகளும் அவர்கள் கண்முன் விரிந்து கிடக்கின்றன.