கதை கேட்டே பேர் வாங்கியவர்



நம்ம தரமணியில் திரைப்படக் கல்லூரியே இருக்கிறது. ஆனாலும் சினிமா என்றால் நமக்குக் கதாநாயகர்கள் பேர்தான் தெரியும். அதனால் நான் டி.எஸ்.பாலையாவைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் 1914-இல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள சுண்டன்கோட்டையில் பிறந்தார். சின்ன வயசிலேயே நாடகத்தில் சேர்ந்துவிட்டார். 1936-இல் ‘சதிலீலாவதி’ படத்தில் வில்லனாக வந்தார். அதை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் ஓர் அமெரிக்கர், அவருக்குத் தமிழே தெரியாது! எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். எம்.ஜி.ஆர். பிற்பாடு பெரிய கதாநாயகன் ஆனார். பாலையாவோ ‘அம்பிகாபதி’ (1937), ‘மதுரை வீரன்’ (1956) என்று வில்லனாகவே பல வருஷம் நடித்தார். ‘தூக்குத் தூக்கி’யில் (1954) சேட்டாக வந்து அரைகுறைத் தமிழ் பேசிச் சிரிக்கவும் வைத்தார்.

‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் மகன் நாகேஷ் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்வாரே, ஞாபகம் இருக்கா? அதில் பேய் வரவே வராது. பாலையா சும்மா உட்கார்ந்து கேட்பார், அவ்வளவுதான். கண் பெரிதாகும், முகம் மாறும், உடம்பு ஒடுங்கும். அவர் பயப்படுவதைப் பார்த்துத்தான் நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். அவர் சரியாகக் கேட்காவிட்டால் நாகேஷ் எவ்வளவு நன்றாகச் சொல்லியும் பாதிதான் எடுபட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

‘திருவிளையாடல்’ (1965) படத்தில் ஹேமநாத பாகவதராக என்ன கர்வம்! கடைசியில் விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டதும் அந்தக் கர்வம் எல்லாம் முகத்திலிருந்து வழிந்து போய்விடும். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் சிவாஜி நாதஸ்வரம், பாலையா தவில். தவில் இல்லாமல் கச்சேரி உண்டா?

1972-இல் அவர் காலமானார். இவ்வளவு வருஷம் ஆகியும் டிவியில் அந்தப் பேய்க்கதை வந்தால் எங்க வீட்டில் யாரும் சேனலை மாத்த மாட்டாங்க.

ஆண்டு விழா நாடகம் என்றால் ராணி வேஷத்துக்குப் பத்துப் பேர் போட்டி. தோழி வேஷம் என்றால் முகம் சுளிக்கிறோம். ராணி பேசும்போது தோழி வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றால் நாடகமே கெட்டுப்போகும், இல்லையா? இந்த வருஷம் தோழி வேஷத்துக்கு நானே பேர் கொடுத்திருக்கேன். பக்கத்தில் நிற்பதும் நடிப்புதான். அதை நன்றாகச் செய்து காட்டலாம், வாங்க!