காந்தியடிகளும் ராய்சந்த்பாயும்

காந்தியடிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் இரயில் நிலையத்திலிருந்தோ தண்டிக் கடற்கரையிலிருந்தோ தொடங்குவர். நாம் ஒரு தாயின் கலக்கத்திலிருந்து தொடங்குவோம்.

1869 அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் வைணவக் குடும்பத்தில் பிறந்த மோகன்தாஸ், சட்டம் பயில இங்கிலாந்து செல்ல விழைந்தபோது அன்னை புத்லிபாய் அஞ்சினார். ஜைனத் துறவியர் வந்து உணவேற்று அறம் உரைத்துச் செல்லும் இல்லம் அது. அவர்களுள் ஒருவரான பேச்சர்ஜி சுவாமியிடம் அன்னை யோசனை கேட்டார். மது, மாது, புலால் மூன்றையும் தீண்டுவதில்லை என அம்முனிவர் முன்னிலையில் மகன் உறுதி பூண்ட பின்னரே விடை கிடைத்தது. 1888 செப்டம்பரில் கப்பல் புறப்பட்டது. லண்டனில் அரை வயிற்றோடு அலைந்த நாட்களிலும் அவ்வுறுதி குலையவில்லை.

1891இல் பாரிஸ்டராகப் பம்பாய் திரும்பியவருக்குத் தாய் மறைந்த செய்தியே காத்திருந்தது. அத்துயர நாளில் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவின் இல்லத்தில் அறிமுகமானவர்தாம் ராய்சந்த்பாய் என்னும் ஸ்ரீமத் ராஜசந்திரர். காந்தியடிகளைவிட ஏறக்குறைய இரண்டாண்டு மூத்தவர். முத்தும் வைரமும் விற்கும் வணிகர். நூறு செய்திகளை ஒருங்கே நினைவில் நிறுத்தும் சதாவதானி. காந்தியடிகளைக் கவர்ந்தது அந்த நினைவாற்றல் அன்று. இலட்சக்கணக்கில் வணிகம் பேசி முடித்த மறுகணமே அதே இருக்கையில் அறநூலையோ தம் ஆன்மக் குறிப்பேட்டையோ திறக்கும் பற்றின்மையே அவரை ஆட்கொண்டது.

தென்னாப்பிரிக்காவில் கிறித்தவ நண்பர்கள் தம் சமயத்துக்கு அன்போடு அழைத்தபோது காந்தியடிகளின் உள்ளம் தடுமாறியது. 1894இல் இருபத்தேழு வினாக்களை எழுதி ராஜசந்திரருக்கு அனுப்பினார். ஆன்மா, கடவுள், வீடுபேறு ஆகியன பற்றிய வினாக்களிடையே ஒன்று மிக எளியது: பாம்பு கடிக்க வந்தால் கடிக்க விடுவதா, கொல்வதா? உடல் அழியக்கூடியது என உணர்ந்தவனுக்கு அதைக் காக்க ஓர் உயிரைக் கொல்லுதல் தகாது என்பது மறுமொழியின் சாரம். உள்ளம் அமைதியுற்றது. ஆயினும் குரு என்னும் இருக்கையில் காந்தியடிகள் இவரையும் அமர்த்தவில்லை என்பதை நாம் மறைக்கலாகாது. 1901இல், முப்பத்து மூன்றாம் வயதில் ராஜசந்திரர் மறைந்தார்.

சில ஆண்டுகளுக்குப் பின் அதே வினா உயிரோடு எதிரே வந்தது. ஜோகன்னஸ்பர்க் அருகே, தமிழ்ச் சிறுவர்களும் பயின்ற டால்ஸ்டாய் பண்ணையில், நண்பர் காலன்பாக்கின் அறைக்குள் பாம்பொன்று புகுந்தது. விரட்டவும் பிடிக்கவும் இயலாத இடம். மாணவர் ஒருவர் கொல்ல அனுமதி வேண்டினார், காந்தியடிகள் தந்தார். பிற்காலத்தில் அதைத் தாமே எழுதியும் வைத்தார்.

1915இல் அகமதாபாத்தில் ஆசிரமம் அமைத்தபோது வகுத்த நோன்புகளில் கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், மிகுபொருள் விரும்பாமை ஐந்தும் இருந்தன. நம் சிராவகர் ஏற்கும் அணுவிரதங்களை ஓர் அரசியல் இயக்கத்தின் அடிப்படையாக்கிய துணிவு வேறெவரிடத்தும் கண்டிலேம். 1921 செப்டம்பரில் மதுரையில் மேலாடை துறந்ததும் அவ்வைந்தாம் நோன்பின் பாற்பட்டதே.

ஆனால் 1928இல் நம்மவரே அவரைக் கடிந்தனர். ஆசிரமத்தில் பிழைக்க வழியின்றித் துடித்த கன்றொன்றை மருந்து ஊசியால் உயிர் நீக்கச் செய்தார். சினங்கொண்ட கடிதங்கள் குவிந்தன. வினைப்பயனைத் துய்க்கும் உயிரை இடையில் அறுக்க எவருக்கும் உரிமையில்லை என்பது நம் நெறி. துன்பம் தீர்க்கும் நோக்கமே அகிம்சை என்பது அவர் வாதம். இக்கட்டுரையாளன் இன்றும் அவ்வாதத்தை முழுதும் ஏற்றானல்லன். எனினும் வந்த எதிர்ப்பை மறைக்காது தம் இதழிலேயே எடுத்துக்கொண்டு விடையிறுத்தார். இசுலாமியரை இசுலாமியர் நோக்கிலும் கிறித்தவரைக் கிறித்தவர் நோக்கிலும் காண அனேகாந்தமே தமக்குக் கற்பித்தது என்று இரண்டாண்டு முன்பே எழுதியவர் அல்லவா?

நாடு விடுதலை பெற்றபின், தில்லியில் மதக் கலவரம் தணிய 1948 ஜனவரி 13இல் உண்ணாநோன்பு தொடங்கி 18இல் முடித்தார். 20ஆம் நாள் வழிபாட்டுத் திடலில் குண்டு வெடித்தது. எறிந்த இளைஞனைத் துன்புறுத்த வேண்டா எனக் கேட்டுக்கொண்டார். வருவோரைச் சோதிக்கக் காவலர் விரும்பினர், அவர் இசையவில்லை. 30ஆம் நாள் மாலை, சற்றே தாமதமாயிற்று என்று விரைந்து, வழக்கம்போல் திடலை நோக்கி நடந்தார்.