இடி மின்னலில் புனித அன்னம்மாளை அழைத்த மார்ட்டின் லூதர், பிறகு ஏன் புனிதர்களிடம் வேண்டுவதை நிறுத்தினார்?

வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளும் நண்பர் உங்களுக்கு இருப்பார். இயேசுவைத் தவிர வேறு யாரிடமும் வேண்டக் கூடாது என்று அடித்துச் சொல்லும் நண்பரும் இருப்பார். ரெண்டு பேரும் கிறிஸ்தவர்கள்தான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? இதுக்கு நீங்கள் 1505-ம் ஆண்டு ஜெர்மனிக்குப் போகணும்.

எர்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து, அப்பாவின் ஆசைப்படி சட்டம் படிக்கத் தொடங்கியிருந்தார் 21 வயது மார்ட்டின் லூதர். ஜூலை 2 அன்று, ஊருக்குப் போய்விட்டு எர்ஃபர்ட் திரும்பும் வழியில் ஸ்டோட்டர்ன்ஹெய்ம் கிராமத்துக்குப் பக்கத்தில் பயங்கர இடி, மின்னல். உயிர்பயத்தில் அவர் கூப்பிட்டது கிறிஸ்துவை அல்ல. மரியாளின் தாய் புனித அன்னம்மாளை. பிழைத்தால் துறவியாகிறேன் என்று நேர்ந்துகொண்டார். இது பிற்காலத்தில் அவரே சொன்னது.

ஏன் அன்னம்மாள்? லூதரின் அப்பா ஹான்ஸ் செம்பு உருக்கும் தொழிலில் இருந்தவர். சுரங்கத் தொழிலாளர்களின் பாதுகாவலி அன்னம்மாள். ஆபத்தில் குலதெய்வத்தின் பெயர் தானா வாயில் வருமே, அப்படித்தான். சொல்லப்போனால் லூதரின் பெயரே ஒரு புனிதருடையது: 1483 நவம்பர் 10-ல் பிறந்து, மறுநாள் புனித மார்ட்டின் திருநாளில் ஞானஸ்நானம் பெற்றதால் மார்ட்டின்.

15 நாளில் எர்ஃபர்ட் அகஸ்டீனிய மடத்தில் சேர்ந்துவிட்டார். அப்பாவுக்குக் கடும் கோபம். 1507-ல் மகன் முதல் திருப்பலி நிறைவேற்றிய நாளில், அந்த மின்னலே சாத்தானின் வேலையாக இருந்தால் என்ன செய்வாய் என்கிற தொனியில் கேட்டார். அந்தக் கேள்வி லூதரை விடவே இல்லை.

பிறகு விட்டன்பர்க்கில் பேராசிரியர் வேலை. இங்கே கொஞ்சம் எண்களைப் பாருங்கள். அந்த ஊரை ஆண்ட பிரெட்ரிக், புனிதர்களின் எலும்பு, உடை என்று 1520 வாக்கில் சுமார் 19,000 பண்டங்கள் சேர்த்திருந்தார். அன்னம்மாளின் பெருவிரல் என்று நம்பப்பட்டதும் அதில் ஒன்று. எல்லாவற்றையும் முறைப்படி தரிசித்தால், உத்தரிக்கிற ஸ்தலத்தில் படவேண்டிய தண்டனையில் சுமார் 19 லட்சம் ஆண்டுகள் குறையும் என்று கணக்கு! பண்டங்கள் இருந்த கோட்டைக் கோயிலின் பெயர் சகல புனிதர்கள் ஆலயம். அந்தத் திருநாளுக்கு முந்தைய நாள், 1517 அக்டோபர் 31-ல்தான் லூதரின் 95 கருத்துரைகள் வெளிவந்தன.

ஆனால் அவற்றின் குறி பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைதான். புனிதர்களிடம் வேண்டுவது அல்ல. இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். அந்த விஷயத்தில் லூதர் மெதுவாகத்தான் மாறினார். 1522-ல் எர்ஃபர்ட் சபைக்கு எழுதியபோதுகூட, இன்னும் புனிதர்களை அழைப்பவர்களை இகழாதீர்கள் என்ற நிதானம் இருந்தது.

அவரை உறுத்தியது எது? சிறுவயதிலிருந்து அவர் அறிந்த கிறிஸ்து, பயமுறுத்தும் நீதிபதி. பெரிய அதிகாரியைப் பார்க்கப் பயந்து சிபாரிசுக்கு ஆள் பிடிப்பதுபோல மக்கள் புனிதர்களிடம் ஓடினார்கள். கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே கிறிஸ்து ஒருவரே மத்தியஸ்தர் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம் சொல்லும்போது, சிபாரிசு எதுக்கு என்பதுதான் அவர் வாதம். என்னைக் கேட்டால், மொத்தச் சண்டையின் மையம் இந்தப் பயம்தான்.

கத்தோலிக்கத் தரப்பின் பதிலும் லேசானதல்ல. எனக்காக ஜெபம் பண்ணுங்க என்று நண்பரிடம் கேட்பது தப்பில்லை என்றால், கடவுளோடு வாழும் புனிதரிடம் கேட்பது மட்டும் எப்படித் தப்பு? ஆராதனை கடவுளுக்கு மட்டும்; புனிதருக்குத் தருவது மரியாதை. 1563-ல் ட்ரெண்ட் பொதுச்சங்கம், புனிதர்களின் பரிந்துரையைக் கேட்பது நல்லது, பயனுள்ளது என்று உறுதி செய்தது.

அப்போது லூதர் இறந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1538-ல் வெளியான ஷ்மால்கால்டு விதிகளில், வானதூதர்கள் நமக்காக ஜெபிப்பதை அவரும் ஒப்புக்கொண்டார். பரலோகத்தில் புனிதர்களும் ஜெபிக்கலாம் என்றார். அதற்காக நாம் அவர்களிடம் வேண்டணும் என்று ஆகாது என்பதில்தான் பிடிவாதம். 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தின் காலை ஜெபத்தில்கூட ஒரு தூதர் வருகிறார். ஆனால் வேண்டுதல் தூதரிடம் இல்லை. தூதரைத் துணைக்கு அனுப்பும்படி கடவுளிடம். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழாக்கியது இந்த ஞானோபதேசத்தைத்தான்.