பாலைவனத்தில் பழத்தோட்டம் கண்டவர்

1927-ம் ஆண்டு. அமெரிக்காவில் நெவாடா மாகாணத்தின் தென்கோடி. எங்கு பார்த்தாலும் மணலும் பாறையும்தான். கோடையில் அனல் வீசும். அங்கே ஒரு பழங்குடிக் குடும்பத்தின் நிலத்தில் 11 பேரீச்சங்கன்றுகளை நட்டார்கள். அந்தக் குடும்பத்தினர் தண்ணீர் விட்டுப் பாதுகாத்தார்கள்.

ஒரு நாள் வீட்டு நாய் இரண்டு கன்றுகளைத் தோண்டிப் போட்டுவிட்டது. அவை பட்டுப்போயின. மிஞ்சியவை ஒன்பது.

வெறும் ஒன்பது கன்றுகள்தானே என்று நினைக்கலாம். ஆனால், அவை கடல் கடந்து வந்தவை. அவற்றின் தாய்நாட்டில் அந்த இனத்தைக் கொடிய நோய் ஒன்று அழித்துக்கொண்டிருந்தது. அந்த ஒன்பதும் பட்டிருந்தால், ஒரு மனிதரின் அரும்பாடு மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும்.

அந்த மனிதர்தான் வால்டர் டென்னிசன் சுவிங்கிள். அமெரிக்கப் பாலைவனத்தில் பேரீச்சந்தோப்புகள் உருவாக வழி செய்த விஞ்ஞானி.

குடியானவர் வீட்டுப் பிள்ளை

சுவிங்கிள் 1871-ம் ஆண்டு ஜனவரி 8-ந்தேதி பென்சில்வேனியா மாகாணத்தில் பிறந்தார். அவர் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் கான்சாஸ் மாகாணத்துக்குக் குடியேறியது. அங்கே பண்ணையில் வளர்ந்தார். செடி கொடிகள்தான் அவருடைய விளையாட்டுத் தோழர்கள்.

கான்சாஸ் விவசாயக் கல்லூரியில் படித்து, 1890-ம் ஆண்டு பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 19. மறு ஆண்டே சர்க்கார் விவசாய இலாகாவில் வேலை கிடைத்தது. பிறகு ஜெர்மனிக்குச் சென்றும் படித்தார்.

புளோரிடா மாகாணத்தில் ஆரஞ்சு மரங்களின் நோய்களை ஆராய்ந்தார். 1894-95 குளிர்காலத்தில் அங்கே கடும் உறைபனி கொட்டியது. ஆரஞ்சுத் தோட்டங்கள் கருகின. குளிரைத் தாங்கும் மரத்தை உண்டாக்க வேண்டும் என்று, ஆரஞ்சு இனங்களை ஒன்றோடொன்று கலந்து புதிய ஒட்டு இனங்களை உருவாக்கும் வேலையில் சுவிங்கிளும் அவருடைய தோழர்களும் இறங்கினார்கள்.

அத்திப் பூவின் ரகசியம்

அந்தக் காலத்தில் கலிபோர்னியா விவசாயிகளுக்கு ஒரு பெரிய கவலை. துருக்கி நாட்டிலிருந்து உயர்ந்த ரக அத்தி மரங்களை வரவழைத்து நட்டிருந்தார்கள். மரங்கள் தளதளவென்று வளர்ந்தன. காயும் பிடித்தது. ஆனால் பழுக்கவில்லை. பிஞ்சிலேயே உதிர்ந்து கொட்டியது.

அத்தி பூத்தாற்போல் என்று நாம் சொல்கிறோம் அல்லவா? அத்தியின் பூ கண்ணுக்குத் தெரிவதில்லை. காய்க்கு உள்ளேயே பூ இருக்கிறது. அந்த உயர்ந்த ரக அத்திக்கு வெளியிலிருந்து மகரந்தம் வந்தால்தான் காய் பழுக்கும். கொசுவைவிடச் சிறிய ஒரு குளவிதான் காட்டு அத்தியிலிருந்து மகரந்தத்தைச் சுமந்துகொண்டு, காயின் சிறு துளை வழியாக உள்ளே நுழைகிறது. அதனால்தான் துருக்கி விவசாயிகள் காட்டு அத்திக் காய்களைத் தங்கள் மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். அது மூடநம்பிக்கை என்று அமெரிக்காவில் பலர் எண்ணியிருந்தார்கள்.

மரம் வந்தது, குளவி வரவில்லை. அதுதான் குறை!

1899-ம் ஆண்டு சுவிங்கிள் வட ஆப்பிரிக்காவில் உள்ள அல்ஜீரியாவிலிருந்து குளவிகள் குடியிருந்த காட்டு அத்திக் காய்களைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பினார். குளவிகள் புதிய நாட்டில் பிழைத்தன. அத்தி பழுத்தது.

எந்த மரமும் தனியாக வாழ்வதில்லை. அதை வேறு ஊருக்குக் கொண்டுபோனால், அதற்குத் துணையானவற்றையும் கொண்டுபோக வேண்டும். சுவிங்கிள் கண்ட இந்த உண்மை, பின்னர் பேரீச்சையிலும் அவருக்குக் கைகொடுத்தது.

கொட்டையா? கன்றா?

பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிட்டுக் கொட்டையைக் கொல்லையில் போட்டால் முளைக்கும். ஆனால் நல்ல பழம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஏனென்றால் பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கொட்டையில் முளைப்பவற்றில் ஏறத்தாழப் பாதி ஆண். அவை காய்க்கவே காய்க்காது. காய்க்கும் பெண் மரமும் தாயின் ருசியில் காய்க்கும் என்ற நிச்சயம் இல்லை.

தாயைப் போலவே பிள்ளை வேண்டுமானால், வாழைக்குப் போல அடியில் கிளம்பும் பக்கக்கன்றைப் பெயர்த்து நட வேண்டும். மரம் பூத்ததும் மனிதர் ஏணி வைத்து ஏறி, ஆண் பூவின் தூளைப் பெண் பாளையில் சேர்க்க வேண்டும். ஓர் ஆண் மரத்தின் தூள் சுமார் 50 பெண் மரங்களுக்குப் போதும். அரபு நாட்டு விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அறிந்த வித்தை இது.

1890-ம் ஆண்டிலேயே அமெரிக்க சர்க்கார் வெளிநாடுகளிலிருந்து கன்றுகளை வரவழைத்தது. ஆனால் வந்தவற்றில் பல ஆண் மரங்கள். மற்றவற்றிலும் பல மட்டமான ரகம். முயற்சி வீணாயிற்று.

சுவிங்கிள் தாமே அல்ஜீரியாவின் பாலைவனச் சோலைகளுக்குப் போனார். எந்த ரகத்துக்கு எவ்வளவு வெயில் வேண்டும், எவ்வளவு உவர் மண்ணை அது தாங்கும் என்று அளந்தார். 1900-ம் ஆண்டு சுமார் 400 கன்றுகளைக் கப்பலேற்றி அரிசோனா மாகாணத்துக்கு அனுப்பினார். அவை வேர் பிடித்தன.

பேரீச்சையின் வேருக்குத் தண்ணீர் வேண்டும். தலைக்குத் தீயாகக் காயும் வெயில் வேண்டும். பழம் முதிரும்போது மழை கூடாது. இத்தனையும் சேர்ந்த இடம் எது? கலிபோர்னியாவின் தெற்கே, கடல் மட்டத்துக்கும் கீழே கிடந்த பாலைவனப் பள்ளத்தாக்கைச் சுட்டிக்காட்டினார் சுவிங்கிள். அங்கே நிலத்தடி நீர் இருந்தது. சகாரா பாலைவனத்தின் வெயிலோடு அந்த ஊர் வெயிலை ஒப்பிட்டு, 1904-ம் ஆண்டு விரிவான நூல் எழுதினார். அல்ஜீரியாவின் புகழ்பெற்ற டெக்லெட் நூர் ரகம் அங்கே செழிக்கும் என்று கணித்தார். கணக்குப் பொய்க்கவில்லை. பலரும் வெளிநாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கில் கன்றுகளை வரவழைத்து நட்டார்கள். பொட்டலாகக் கிடந்த நிலம் தோப்பாகியது.

மொராக்கோவில் ஆபத்து

பல ஆண்டுகள் உருண்டோடின. மொராக்கோ நாடு அப்போது பிரெஞ்சுக்காரர் ஆதிக்கத்தில் இருந்தது. அங்கே பேரீச்ச மரங்களைப் பயூத் என்ற நோய் தாக்கியது. மண்ணில் வாழும் பூஞ்சைக் காளான் வேர் வழியே ஏறி மரத்தைக் கொல்லும். ஒரு நூற்றாண்டுக் காலத்தில் மொராக்கோ பறிகொடுத்தது சுமார் 1 கோடி மரங்கள்!

நோயை ஆராயும்படி சுவிங்கிளை அழைத்தார்கள். 1927-ம் ஆண்டு அவர் போனார். மெஜூல் என்பது அந்நாட்டின் பெருமைமிக்க ரகம். பெரிய பழம், சதைப்பற்று மிக்கது. ஆனால் அந்த நோய்க்கு எளிதில் இரையாகக்கூடியது. பூதெனிப் என்ற சோலையில் நோய் தீண்டாத ஒரு மெஜூல் மரத்தை சுவிங்கிள் கண்டார். அதன் அடியிலிருந்து பெற்றவைதான் அந்த 11 கன்றுகள்.

அவற்றை நேரே கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோகவில்லை. கன்றோடு நோயும் ஒளிந்து வந்துவிட்டால், தழைத்து நிற்கும் தோப்புகள் என்ன ஆகும்? குளவியைத் துணைக்குக் கொண்டுவந்தவர், நோய் துணைக்கு வந்துவிடக்கூடாது என்று அஞ்சினார். ஆகவே பேரீச்சந்தோப்பு எதுவும் இல்லாத நெவாடாவில் கன்றுகள் தனியே வைக்கப்பட்டன. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு அல்ல. ஏழு ஆண்டுகளுக்கும் மேல்!

நாய்க்குத் தப்பிய ஒன்பதும் நோயின்றி வளர்ந்தன. பக்கக்கன்றுகளும் ஈன்றன. 1936-ம் ஆண்டு அவற்றைக் கலிபோர்னியாவில் இண்டியோ நகரில் இருந்த சர்க்கார் பேரீச்சைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். 1940-களில் கன்றுகள் விவசாயிகளுக்கு வழங்கப்பட்டன. கலிபோர்னியாவிலும் அரிசோனாவிலும் இன்று உள்ள மெஜூல் தோப்புகள் பெரும்பாலும் அந்த ஒன்பதின் வம்சமே.

ஓயாத உழைப்பு

சுவிங்கிளின் ஆர்வம் மரங்களோடு நிற்கவில்லை. செடிகளைப் பற்றிய பழைய சீன நூல்களைத் தேடத் தொடங்கினார். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்துக்கு அவர் முயற்சியால் வந்து சேர்ந்த சீன நூல்கள் சுமார் 1 லட்சம் தொகுதிகள்.

எலுமிச்சைக் குடும்பத்து மரங்கள் அனைத்தையும் வகைப்படுத்தி, 1943-ம் ஆண்டு பெரிய ஆராய்ச்சி ஒன்றை வெளியிட்டார். நம் நாட்டு வில்வமும் விளாவும்கூட அதில் இடம்பெற்றன. விளாமரத்துக்குத் தாவரவியலார் வழங்கிய பெயர்களில் ஒன்று சுவிங்கிள் அமைத்ததே.

1952-ம் ஆண்டு ஜனவரி 19-ந்தேதி வாஷிங்டன் நகரில் அவர் காலமானார். வயது 81.

அன்று நெவாடாவில் மிஞ்சிய ஒன்பது கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டவர்கள் பழத்துக்கு அவசரப்படவில்லை. அவர்களிடம் அவற்றை ஒப்படைத்த விஞ்ஞானியும் அவசரப்படவில்லை. அந்தப் பொறுமைதான் பாலைவனத்தில் பழுத்தது.