வான்வழியில் எமி ஜான்சன்

செகந்தராபாத்தை அடுத்த போவன்பள்ளியில் வாழ்வோருக்கு, அருகிலுள்ள பேகம்பேட்டை நிலையத்திலிருந்து எழும் சிறிய வானூர்திகள் புதியன அல்ல. புறப்படுமுன் கலத்தில் எவ்வளவு எரிபொருள் உள்ளது என்று கணக்கிடுவது விமானியின் முதற்கடமைகளுள் ஒன்று. திசைகாட்டியையும் வரைபடத்தையும் மட்டுமே நம்பிப் பறந்த காலத்தில் அக்கணக்கு எளிதில் பொய்த்துப் போனது. எமி ஜான்சன் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் வாழ்வில் அது பலமுறை குறுக்கிட்டது.

எமி 1903ஆம் ஆண்டு சூலை முதல் நாள், இங்கிலாந்தின் துறைமுக நகரமான ஹல்லில் பிறந்தார். தந்தை மீன் வணிகர். செஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்ற எமி, இலண்டனில் ஒரு வழக்கறிஞரிடம் செயலாளராகப் பணியாற்றினார். 1928இல் வானூர்தி ஓட்டப் பயிலத் தொடங்கினார். பறக்கக் கற்றதோடு அவர் நின்றுவிடவில்லை. பொறியைக் கழற்றிப் பூட்டும் தொழிலையும் பட்டறையில் ஆண்களோடு நின்று பழகினார். 1929இல் விமானி உரிமத்தையும், வானூர்திப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்தையும் பெற்றார். பின்னதைப் பெற்ற முதல் பிரித்தானியப் பெண் அவரே.

தந்தையும் வேக்ஃபீல்டு பிரபுவும் பொருளுதவி செய்ய, பழைய ஜிப்சி மாத் வானூர்தி ஒன்றை வாங்கினார். தந்தையின் வணிகச் சின்னமான ஜேசன் என்பதையே அதற்குப் பெயராக வைத்தார். 1930 மே 5 அன்று குராய்டனிலிருந்து ஆஸ்திரேலியாவை நோக்கித் தனியே புறப்பட்டார். அதற்குமுன் அவர் பறந்த நெடுந்தொலைவு இலண்டனிலிருந்து ஹல் வரை மட்டுமே! எனினும் ஆறாம் நாள் கராச்சியில் இறங்கினார். பெர்ட் ஹிங்க்ளர் இந்தியா வந்துசேர எடுத்துக்கொண்ட காலத்தைவிட இது இரண்டு நாள் குறைவு.

கராச்சியிலிருந்து அலகாபாத் ஏறத்தாழ 1500 கிலோமீட்டர். வழியில் எதிர்க்காற்று வலுத்தது. மணிக்கு 130 கிலோமீட்டர் பறக்கும் கலத்தை 30 கிலோமீட்டர் வேகக் காற்று எதிர்த்தால், அது கடக்கும் தொலைவு மணிக்கு 100 கிலோமீட்டராகக் குறையும். ஆனால் பொறி குடிக்கும் பெட்ரோல் சிறிதும் குறையாது. அலகாபாத்துக்கு இன்னும் 300 கிலோமீட்டர் இருக்கையில், கலம் அதுவரை தாங்காது என்பதை எமி உணர்ந்தார். ஜான்சியில், படைவீரர் குடியிருப்பின் அணிவகுப்புத் திடலில் இறங்கினார். திடலோ சிறியது. மரங்களையும் கம்பங்களையும் விலக்கி ஓடிய ஜேசன், கட்டடங்களுக்கிடையே சிக்கி நின்றது. சிறகு முறிந்தது, எமிக்குக் காயமில்லை. அங்கிருந்தோர் சிறகைச் செப்பனிட்டுத் தர, மறுநாளே அலகாபாத் வழியாகக் கல்கத்தாவை அடைந்தார்.

இரங்கூன் அருகே ஜேசன் பள்ளத்தில் இறங்கி மீண்டும் சேதமுற்றது. அங்கே பழுது நீக்குவதில் நாள்கள் கழிந்தன. மே 24 அன்று, 18,000 கிலோமீட்டர் கடந்து டார்வினை அடைந்தபோது பத்தொன்பதரை நாள் ஆகியிருந்தது. ஹிங்க்ளரின் பதினைந்தரை நாள் சாதனை அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும், அவ்வழியில் தனியே பறந்த முதல் பெண் என்ற பெருமை அவருடையதாயிற்று. இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஜேசன் இன்றும் உள்ளது.

1932இல் விமானி ஜிம் மாலிசனை மணந்தார். மறு ஆண்டு இருவரும் வேல்சிலிருந்து நியூயார்க்கை நோக்கி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தனர். நகரத்தை எட்டும் தறுவாயில் எரிபொருள் தீரத் தொடங்கியது. பிரிட்ஜ்போர்ட்டில் இரவில் இறங்க முயன்றபோது கலம் நொறுங்கி, இருவரும் காயமுற்றனர். 1934இல் மெல்பர்ன் வான் பந்தயத்தில் வந்த குறை வேறுவகை. ஜபல்பூரில் வானூர்திக்குரிய பெட்ரோல் கிடைக்காமல், பேருந்துக்கு ஊற்றும் பெட்ரோலை நிரப்பினர். பந்தயப் பொறிக்கு அது ஒவ்வவில்லை. பொறி பழுதாகி, அலகாபாத்தோடு அவர்கள் பந்தயம் முடிந்தது. 1938இல் மணமுறிவு ஏற்பட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது, படைக்குரிய வானூர்திகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு சேர்க்கும் பணியில் எமி சேர்ந்தார். 1941 சனவரி 5 அன்று பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு அருகிலுள்ள கிட்லிங்டனுக்குப் புறப்பட்டார். ஒரு மணி நேரப் பயணம் அது. கடுங்குளிரும் மேகமும் தரையை மறைத்திருந்தன. மூன்று மணி நேரத்துக்கும் மேலான பின்னர், வழியிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் அப்பால், தேம்ஸ் முகத்துவாரத்தில் அவர் குதிகுடையுடன் இறங்கினார். எரிபொருள் தீர்ந்தமையே காரணம் என்று பெரும்பாலோர் கருதினர். பிரித்தானியப் படையினரே பகைக்கலம் என்றெண்ணிச் சுட்டனர் என்ற கூற்றும் பிற்காலத்தில் எழுந்தது. அவ்வழியே சென்ற ஹேசில்மியர் கப்பலின் தலைவர் வால்ட்டர் ஃபிளெட்சர், உறையவைக்கும் நீரில் குதித்து மீட்க முயன்றார். குளிரில் நினைவிழந்த அவரும் பின்னர் இறந்தார். எமியின் உடல் கிடைக்கவே இல்லை.