விரல் நுனியில் ஒளி ஏற்றியவர்



ஜனவரி 4, உலக பிரெய்ல் நாள். 1809-ஆம் ஆண்டு இதே நாளில் பிரான்சு நாட்டின் குவ்ரே என்னும் சிற்றூரில், குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார் லூயி பிரெய்ல். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடும்போது குத்தூசி ஒரு கண்ணைக் குத்தியது. நோய் மறு கண்ணுக்கும் பரவி, பார்வை முற்றிலும் போனது.

மகனை வீட்டு மூலையில் உட்கார வைத்துவிடப் பெற்றோர் நினைக்கவில்லை. பங்குத்தந்தை பாலூய் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1819-இல் பாரிஸ் நகரின் பார்வையற்றோர் கல்வி நிலையத்தில் சேர்ந்தான்.

அங்கிருந்த நூல்களில் நாம் வாசிக்கும் எழுத்துகளே பெரிதாகப் புடைப்பாக அச்சிடப்பட்டிருந்தன. தடவி வாசிப்பதே கடினம். எழுதுவதோ அதைவிடக் கடினம். பார்பியே என்னும் முன்னாள் படை அதிகாரி 12 புள்ளி முறையைக் கொண்டுவந்தார். அதுவும் விரல் நுனிக்குள் அடங்கவில்லை. இரண்டையும் உருவாக்கியவர்கள் பார்வையுள்ளவர்கள். குறை எங்கே என்று லூயியின் விரலுக்குத்தான் தெரிந்தது. 1824-இல், 15 வயதில், புள்ளிகளை ஆறாகக் குறைத்தார். அந்த ஆறு புள்ளிகளில் 63 குறியீடுகள் கிடைத்தன. எழுத்து, எண், இசை எல்லாம் அவற்றில் அடங்கின.

பின்னர் அதே நிலையத்தில் ஆசிரியரானார். பாரிஸ் ஆலயங்களில் ஆர்கன் இசைத்தார். பார்வையுள்ளோரும் வாசிக்கக்கூடிய வேறொரு புள்ளி எழுத்தை 1839-இல் வெளியிட்டார். அதை எளிதாக எழுத, அந்நிலையத்தில் பயின்ற பார்வையற்ற பியர் ஃபூக்கோ 1841-இல் ஓர் இயந்திரமே செய்து கொடுத்தார்.

ஆயினும் 1840-களில் நிலையத் தலைவர் ஆறு புள்ளி முறைக்குத் தடை விதித்தார். மாணவர்கள் அதைக் கைவிடவில்லை. காசநோயால் 1852 ஜனவரி 6 அன்று லூயி இறந்தார். 1854-இல்தான் அவரது முறை பிரான்சில் அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்டது.

சங்கரன்கோவில் பகுதியில் வாழும் நமக்கு இது தொலைதூரக் கதை அல்ல. பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். தமிழையும் அதே ஆறு புள்ளிகளில்தான் வாசிக்கிறார்கள்.

பார்வையற்ற பிள்ளைக்கு நாம் இரக்கம் காட்டுகிறோம்; பாட்டுப் பாடச் சொல்கிறோம். கணக்கும் அறிவியலும் கற்பிக்கிறோமா? கருவிகளைக் கையில் கொடுத்து, நீயே ஒரு வழி கண்டுபிடி என்று சொல்கிறோமா? பிரெய்ல் எழுதும் கருவியும் ஒரு சிறிய குத்தூசி போன்றதே. கண்ணைப் பறித்த கருவிக்கு அஞ்சி, அந்தப் பெற்றோர் மகனின் கைகளைக் கட்டிவைக்கவில்லை. நாமும் நம் பிள்ளைகளின் கைகளை நம்புவோம்.